பொலன்னறுவைக் கற்கள் புகட்டும் பாடம்

பழைய நகரங்களைக் காணச் செல்வோர் இருதிறத்தினர். இடிந்த சுவரைக் கண்டு பெருமூச்செறிந்து, படம் பிடித்துக்கொண்டு, உணவு வேளைக்குத் திரும்பிவிடுவோர் ஒரு திறத்தினர். அச்சுவரை எழுப்பியவர் யார், இடித்தவர் யார், இடையில் வாழ்ந்த மக்களின் கதி யாதாயிற்று என வினவுவோர் மற்றொரு திறத்தினர். இலங்கையின் பழைய இராசதானியாகிய பொலன்னறுவை இவ்விரண்டாம் திறத்தாரிடமே வாய் திறந்து பேசும். சிறப்பாகத் தமிழராய்ப் பிறந்தோர் அங்குக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

இந்நகரை ஒரு பகற்பொழுதிற் சுற்றிப் பார்த்துவிடலாம். அரண்மனை, புத்தரின் தந்ததாது இருந்த முற்றம், கல்விகாரை என்பன வழிகாட்டிகள் காட்டும் முக்கிய இடங்கள். நாமும் அவ்வழியே செல்வோம். ஆயினும் புறப்படுமுன் சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்ளல் நலம்.

கி.பி. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இராசராச சோழனின் படை இலங்கையின் வடபகுதியைக் கைக்கொண்டது. 1017ஆம் ஆண்டில் இராசேந்திரன் காலத்துப் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டிற்குக் கொண்டு சென்றது. அம்மன்னன் அங்கேயே மாண்டான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராயிருந்த அனுராதபுரத்தை விடுத்துச் சோழர் பொலன்னறுவையில் ஆட்சிபீடம் அமைத்து, அதற்கு ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். தெற்கேயுள்ள உரோகணத்திலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து வரும் பகையைத் தடுக்க இவ்விடமே ஏற்றதாயிருந்தது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். எனினும் அவர் தேர்ந்த ஊரை அவன் வெறுக்கவில்லை. அதனையே தன் தலைநகராக்கிக்கொண்டான்.

இனி நகருட் புகுவோம். பராக்கிரமபாகுவின் அரண்மனை ஏழு நிலைகளும் ஆயிரம் அறைகளும் உடையதாயிருந்தது எனச் சூளவம்சம் கூறும். இன்று நிற்பவை பருத்த செங்கற் சுவர்களே. ஆனால், 1153 முதல் 1186 வரை ஆண்ட அதே மன்னன் விரித்தமைத்த பராக்கிரம சமுத்திரமோ அருகிலேயே அலைவீசிக் கிடக்கின்றது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்த ஏரி, பிற்காலத்திற் செப்பனிடப்பெற்று, இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது. மன்னன் தனக்கெனக் கட்டியது பாழாயிற்று. உழவருக்கெனக் கட்டியது வாழ்கின்றது. இதற்கு விளக்கமும் வேண்டுமோ?

வடபால் மரங்கள் அடர்ந்த மேடொன்று உண்டு. தமிழத் தூபி என்பது அதன் பெயர். பாண்டி நாட்டுப் போரிற் பிடிபட்ட தமிழரைக் கொண்டு பராக்கிரமபாகு எழுப்புவித்த பெருந்தூபி அது. மேற்பகுதி முற்றுப்பெறாமையால் மண்மேடாய்க் காட்சியளிக்கின்றது. இராசேந்திரன் இலங்கை மன்னனைச் சிறைகொண்டு போனான்; பராக்கிரமபாகு தமிழ்க் கைதிகளைக் கல் சுமக்க வைத்தான். புகழ் மன்னர்க்கு, சுமை எளியோர்க்கு! இரு நாட்டுப் புலவர்களும் முன்னதைப் பாடினர். பின்னதைப் பாடுவார் இலர்.

அடுத்துத் தந்ததாது முற்றத்தை அடைவோம். நான்கு திசையும் நோக்கி நான்கு புத்தர் வீற்றிருக்கும் வட்டதாகே இங்குள்ளது. அதன் எதிரே நிசங்கமல்லன் கட்டிய அட்டதாகேயும், அதனருகே கல்பொத்த என்னும் கற்புத்தகமும் உள. இருபத்தைந்து அடிக்கு மேல் நீண்ட அப்பாறையை மிகிந்தலையிலிருந்து தன் வீரர் இழுத்துவந்ததாக அவன் அதிலேயே எழுதிவைத்தான். 1187 முதல் 1196 வரை ஆண்ட இவன் தற்புகழ்ச்சியிற் சலியாதவன். அதனினும் கவனிக்கத்தக்கது, இவன் தன் சாசனங்களில் உழவர் குலத்தார் அரசபதவியைக் கனவிலும் கருதலாகாது என்றும், பௌத்தரல்லாத சோழ, கேரள இளவரசரை அரசுகட்டிலில் ஏற்றலாகாது என்றும் விதித்ததேயாம். இவனோ கலிங்கத்திலிருந்து வந்தவன்! பிறப்பினால் எவனும் உயர்ந்தவனாகான் எனப் போதித்த புத்தரின் கோயில் வாயிலிலே சாதிச் சட்டம் நாட்டப்பெற்ற கொடுமையை என்னென்பது! வடமொழி வேதத்தைக் காட்டியோ, புத்தர் பெயரைக் காட்டியோ, ஆள்வோர் விதைக்கும் நஞ்சு ஒன்றே.

நிற்க. இம்முற்றத்தின் மற்றொரு பக்கத்திலேதான் நாம் தேடி வந்த செய்தி இருக்கின்றது. விஜயபாகுவின் ஆணைப்படி அவனுடைய தண்டநாயகன் தந்ததாதுவுக்கு அமைத்த ஆலயத்தினருகே தமிழிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று நிற்கின்றது. அதனை நாட்டியவர் வேளைக்காரப் படையினர். ஆபத்து வேளையில் உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்த வீரரே வேளைக்காரர் எனப்பட்டனர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினரும் அவர்களுள் அடங்கியிருந்தனர்.

இவர்களே முன்னர் விஜயபாகுவை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள். சோழர்மீது படையெடுக்க அவன் கட்டளையிட்டபோது, தம்மவரோடு பொர மறுத்து, அரண்மனைக்குத் தீயிட்டனர். மன்னன் அக்கலகத்தைக் கொடுமையாய் அடக்கினான். அத்தகைய வரலாற்றையுடைய படையினரையே முகலன் என்னும் பௌத்தப் பெருந்தேரர் அழைத்துத் தந்ததாதுக் கோயிலின் காவலை ஒப்புவித்தார். அவர்களும் அதனை ஏற்று, அக்கோயிலுக்கு மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப்பெரும்பள்ளி எனத் தம் பெயரையே சூட்டினர். அதன் ஊர்களையும் பொருளையும் அங்கே அடைக்கலம் புகுந்தோரையும், தாம் அழிய நேரினும், தம் வழி உள்ளளவும் காப்போம் என உறுதி கூறினர். அவ்வுறுதியைத் தம் தாய்மொழியிலேயே கல்லில் வெட்டினர்.

அன்பர்காள்! இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சிங்களவர் போற்றும் திருப்பொருள்களுள் தலையாயதற்குத் தமிழ்ப்படை காவல் நின்றது. காவலரிற் பலர் பௌத்தரல்லர், அழைத்தவர் தமிழரல்லர். சிலகாலத்துக்கு முன் வாளெடுத்து எதிர்நின்றோரை நம்புவதற்குத் தேரருக்கு மனம் இருந்தது. அந்நம்பிக்கையைக் காப்பதற்கு வீரருக்கு நெஞ்சம் இருந்தது. முற்றத்திற்குச் சற்றுத் தொலைவில், சோழமாதேவியின் பெயரால் எடுக்கப்பெற்ற வானவன்மாதேவி ஈச்சரம் முழுதும் கருங்கல்லாலாகி இன்றும் நிற்கின்றது. சோழரை விரட்டியவனின் தலைநகரில் சோழர் கோயில் இடிக்கப்படாமல் நின்றதென்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மாலையிற் கல்விகாரையை அடைவோம். ஒரே பாறையிற் குடைந்த நான்கு உருவங்கள்: அமர்ந்தன இரண்டு, நின்றது ஒன்று, சுமார் 46 அடி நீளம் கிடந்தது ஒன்று. தலையணையின் குழிவு முதலாக மெய்யெனத் தோன்றுமாறு சிற்பி செதுக்கியுள்ளான். காண்போர் பலரும் உருவங்களைக் கண்டு, அதே பாறையில் வெட்டியுள்ள எழுத்துக்களைக் காணாது செல்வர். அது பராக்கிரமபாகுவின் கதிகாவதம். ஒழுக்கம் குன்றி மூன்று பிரிவாய்ப் பிளவுண்டிருந்த பிக்குகளை மகாகாசியபர் தலைமையிற் கூட்டி, 1165இல் ஒன்றுபடுத்தி, அவர்க்கு விதிகள் வகுத்த சாசனம் அது. மதத்தலைவரையும் திருத்தலாம், திருத்தவேண்டும் என்பதற்குக் கல்லிலே சான்று!

இந்நகரின் முடிவு துயரமானது. 1215இல் கலிங்க மாகன் பெரும்படையுடன் வந்து விகாரைகளைச் சூறையாடினான். பிக்குகள் தந்ததாதுவை எடுத்துக்கொண்டு மலைநாட்டுக் கொத்மலையில் ஒளித்தனர். தலைநகர் தம்பதெனியாவுக்குப் பெயர்ந்தது. பொலன்னறுவையைக் காடு மூடிற்று. மாகனின் படையில் தமிழரும் கேரளரும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் தகாது. காத்தவரும் நம்மவர், கொள்ளையிட்டவருள்ளும் நம்மவர். ஒன்றை உரக்கக் கூறி மற்றொன்றை விழுங்குதல் சரித்திரமாகாது.

இதனைப் பழங்கதை என்று தள்ளுவார்க்கு ஒன்று கூறுவோம். 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1998இல் கண்டியில் அதே தந்ததாது இருக்கும் மாளிகையின் வாயிலில் தமிழ்ப்புலிகள் குண்டு வெடிக்கச் செய்தனர். வழிபட வந்தோரும் மாண்டனர். 2009இல் போர் முடிந்தது. உயிரிழந்தோர் கணக்கோ இன்றும் தீரவில்லை. வேளைக்காரர் கல்லை இரு சாராரும் படித்திருந்தால்! தன் கோயிலைக் காப்பது எளிது. அயலான் போற்றுவதைக் காப்பதே வீரம். தன் மொழியை நேசிப்பது இயல்பு. அயலான் மொழியின் ஏடுகளுக்கும் காவல் நிற்பதே நாகரிகம்.

பல இனத்தார் கலந்து வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நமக்கு இப்பாடம் மிகவும் உரியது. இலங்கைக்குச் செல்லும் நம்மவர் நுவரெலியாவின் குளிரை அனுபவித்து மீள்வதோடு அமையாது, பொலன்னறுவைக்கு ஒருநாள் ஒதுக்குவாராக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வாராக. வழிகாட்டி மறந்தாலும், அந்தத் தமிழ்க் கல்லின் முன் அவர்களை நிறுத்தி, நம் முன்னோர் நாட்டைப் பிடித்த செய்தியை மட்டுமன்றி, கொடுத்த வாக்கைப் பிறர் பொருட்டுக் கல்லிற் பொறித்த செய்தியையும் சொல்வாராக.