காசு யாருடையது, சாவி யார் கையில்?

எங்க மாமா வீட்டுக் கணக்கு நோட்டை எழுதுறது நான்தான். பி.காம் சேர்ந்ததுக்கு குடும்பத்துல எனக்குக் கிடைச்ச முதல் உத்தியோகம் அது. சம்பளம் கிடையாது, அத்தை கையால சாப்பாடு மட்டும் உண்டு :)

மாமா ஒரகடம் பக்கத்துல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளியா இருந்தவர். 2011ல் ஒரு லீவு நாள், வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி இடித்தது. முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்து 2014ல் நஷ்டஈடு வந்தது. அதில் 12 லட்சத்தை வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போடச் சொல்லி உத்தரவு. வட்டி மட்டும் மாமா கணக்குக்கு வரும். அசலைத் தொடணும் என்றால் வக்கீல் வைத்து மனு போடணும்.

நோட்டில் முதல் பக்கத்தில் வட்டி 9 சதவீதம். அதாவது மாதம் 9,000 ரூபாய். அப்போ பகலில் மட்டும் வந்து மாமாவைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்து, வீல்சேரில் உட்கார வைக்க ஒரு ஆள் போட முடிந்தது. 2020 வாக்கில் அதே 12 லட்சத்துக்கு வட்டி 5.4 சதவீதம். மாதம் 5,400. ஆள் கூலி மட்டும் குறையவே இல்லை. அந்த ஆளை நிறுத்திவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அத்தை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அத்தையின் சம்பளம் நின்றது நோட்டில் எந்தப் பக்கத்திலும் செலவாக எழுதப்படவில்லை.

இந்தக் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி. பராமரிப்புக்கான பணத்தை அது தேவைப்படுகிற மனுஷன் கையிலேயே கொடுத்தால் என்ன? தேடிப் பார்த்தால் அதுக்குப் பின்னாடி பெரிய சரித்திரமே இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் சீமைக் கதை. இங்கிலாந்தில் 1948ல் தேசிய உதவிச் சட்டம் வந்தது. ஊனமுற்றோருக்கு உள்ளாட்சி சேவை செய்யலாம், விடுதியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சேவைக்குப் பதிலாகக் காசாகக் கொடுக்கக் கூடாது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான், 'காசு கொடுத்தால் வேற எதுக்காவது செலவு பண்ணிடுவாங்க'.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர். சின்ன வயசில் போலியோ வந்து, இரும்பு நுரையீரல் என்ற இயந்திரத்துக்குள் படுத்துத் தூங்கினவர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து, நண்பர்களோடு சேர்ந்து 1972ல் அங்கே சுதந்திர வாழ்வு மையம் ஆரம்பித்தார்கள். அவர்கள் சொன்ன விஷயம் ரொம்ப எளிது. சுதந்திரமா வாழ்றதுன்னா எல்லா வேலையையும் தானே செய்றது இல்லை. யார் உதவணும், எப்போ உதவணும், எப்படி உதவணும்னு தானே முடிவு பண்றது.

இந்த எண்ணம் கடல் தாண்டி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயருக்கு வந்தது. லே கோர்ட் என்ற விடுதியில் இருந்த சிலர், 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டை ஒட்டி 'ப்ராஜெக்ட் 81' என்று திட்டம் போட்டார்கள். "எங்களை விடுதியில் வைக்க ஆகிற செலவை எங்களிடம் கொடுங்கள், வெளியே வீடு எடுத்து உதவியாளரை நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்றார்கள். காசு கொடுக்கத்தான் சட்டம் இடம் தரவில்லையே? அதற்கு ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். உள்ளாட்சி பணத்தை விடுதிக்குக் கொடுக்கும், விடுதி அதை இவர்களுக்குக் கொடுக்கும். அப்படித்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் வெளியே வந்தார்கள்.

பிறகு 1988ல் சுதந்திர வாழ்வு நிதி, 1996ல் நேரடிப் பணம் வழங்கும் சட்டம். 1997 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. முதலில் 65 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும், 2000ல் முதியவர்களுக்கும். வாங்குகிறவர் தனி வங்கிக் கணக்கு வைக்க வேண்டும், உதவியாளருக்கு முதலாளியாக இருந்து சம்பளம் போட வேண்டும், வரவு செலவு காட்ட வேண்டும். கணக்குப் படிக்கிற எனக்குப் பிடித்த இடம் இது. பணத்தை நிர்வகிக்கும் திறன் 'தனியாகவோ, பிறர் உதவியோடோ' இருந்தால் போதும் என்று வைத்தார்கள். கணக்கு எழுதத் தெரியாதா, எழுத ஒரு ஆள் வைத்துக்கொள், முடிவு மட்டும் உன்னுடையது.

அங்கேயும் எல்லாம் சுபம் இல்லை. செலவு அதிகம் என்று அந்த சுதந்திர வாழ்வு நிதியை 2015 ஜூன் 30ல் மூடிவிட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கும் கணவன், மனைவிக்கு இந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை, அவசியம் என்று உள்ளாட்சி ஒத்துக்கொண்டால்தான் உண்டு. எங்க அத்தை அங்கே இருந்தாலும் கொஞ்சம் போராடத்தான் வேண்டியிருக்கும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கே கதை தலைகீழ். அவர்கள் சேவை கொடுத்தார்கள், காசு கொடுக்கவில்லை. நாம் காசு கொடுத்தோம், சேவை கிடையாது. அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில் 1962ல் முதியோர் உதவித்தொகை வந்தது, மாதம் 20 ரூபாய். 1974ல் ஊனமுற்றோருக்கு, 1975ல் ஆதரவற்ற விதவைகளுக்கு. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து கையில் எண்ணிக் கொடுத்த காலத்தைப் பாட்டிமார்கள் இன்னும் சொல்வார்கள். பிறகு அது வங்கி வழியாக மாறியது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2009ல் 200 ரூபாயில் தொடங்கி 2012ல் 300 ஆனது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000த்திலிருந்து 1,500 ஆனது.

இந்தக் காசு நேரடியாக வருகிறது, எப்படிச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் 1,500 ரூபாயில் யாரை வேலைக்கு வைப்பது? இது வயிற்றுக்கான கணக்கு, உதவியாளருக்கான கணக்கு இல்லை.

பெரிய தொகை என்றால் நம்ம சட்டத்தின் குணம் மாறிவிடுகிறது. 1923ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. அதில் மொத்தத் தொகை ஒரு பெண்ணுக்குப் போக வேண்டும் என்றால் நேராகக் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர் அதை அவள் நன்மைக்காக முதலீடு செய்யலாம். வளர்ந்த பெண்ணையும் மைனரையும் ஒரே வரியில் வைத்த சட்டம்! 1948 ஈ.எஸ்.ஐ. சட்டம் வேறு வழி எடுத்தது. வேலையில் அடிபட்டு முழு ஊனமானால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் மாதாமாதம், ஆயுள் முழுக்க. ஆனால் அந்தக் கணக்கு சம்பாதிக்கும் திறன் போனதற்குத்தான். இந்த இரண்டு சட்டங்களின் இடத்திலும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது.

ரோடு விபத்துக்கு வருவோம். 1993ல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் வழிமுறை சொன்னது. மைனர், படிக்காதவர் போன்றவர்களின் நஷ்டஈட்டை டெபாசிட்டில் போடுங்கள், ஏமாற்றி வாங்கிவிடுவார்கள் என்று. 2012ல் அதே நீதிமன்றம், தீர்ப்பாயங்கள் ஆள் யார், படித்தவரா, தேவை என்ன என்று பார்க்காமல் எந்திரம் மாதிரி டெபாசிட் போடச் சொல்வதைக் கண்டித்தது. 2020ல் ஹரியானாவில் 12 வயதில் விபத்தில் சிக்கி 100 சதவீத ஊனமான ஒரு பெண்ணின் வழக்கில், உதவியாளர் செலவையே தனியாகக் கணக்குப் போட்டார்கள். இரண்டு பேர், ஆளுக்கு 5,000, வருஷத்துக்கு 12 மாதம், பெருக்கி 18. மொத்தம் 21,60,000 ரூபாய். ஒருத்தரால் 24 மணி நேரமும் பார்க்க முடியாது, இரண்டு பேர் வேண்டும் என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 13வது பிரிவு, பண விவகாரங்களைத் தானே கட்டுப்படுத்த மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 24வது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்கிறது, அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு. கேரளாவில் 2010ல் வந்த ஆஸ்வாசகிரணம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் பார்த்துக்கொள்வதும் வேலைதான் என்று அரசாங்க நோட்டில் ஒரு வரி ஏறியிருக்கிறது.

அப்போ டெபாசிட் தப்பா? மாமாவிடமே கேட்டேன். சிரித்தார். "அந்தப் பணம் வந்த வாரத்துல எத்தனை பேரு வந்தாங்க தெரியுமாடா? வீட்டைக் கட்டிடலாம், ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடலாம்னு. நான் இல்லைன்னு சொல்ற நெலமையிலயா இருந்தேன்? கோர்ட்டு பூட்டுச்சு, பொழச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அப்பவே சாவியும் எங்கிட்ட இருந்திருந்தா, உங்க அத்தை வேலையை விட்டிருக்க மாட்டா" என்றார்.

இரண்டுமே உண்மை. பூட்டு பணத்தை உறவுக்காரர்களிடமிருந்து காப்பாற்றியது, விலைவாசியிடமிருந்து காப்பாற்றவில்லை. அதனால்தான் அந்த 'பிறர் உதவியோடு' என்ற வார்த்தை எனக்குப் பெரிதாகப் படுகிறது. முழுசாகப் பூட்டுவதற்கும் முழுசாகக் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. மாமா முடிவு எடுக்கட்டும், கணக்கை நான் எழுதுகிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது சரிபார்க்கட்டும்.

போன மாதம் மாமா மனு போட்டிருக்கிறார், அசலில் ஒரு பகுதியை மாதாமாதம் எடுத்து உதவியாளர் வைத்துக்கொள்ள. மனுவோடு இணைக்க 2014லிருந்து உள்ள நோட்டை எல்லாம் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு பக்கம் புதுசாக எழுதிச் சேர்த்தேன், அத்தை வேலையை விட்ட மாதத்திலிருந்து இன்று வரை அவருக்கு வராமல் போன சம்பளம். கூட்டுத்தொகையைப் பார்த்து மாமா ரொம்ப நேரம் பேசவில்லை.

விசாரணை தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன்.