திண்ணைப் பள்ளிகள் (சேலம் மாவட்டம்)

சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் அரசுப் பள்ளிகளுக்கு முன்பே நடந்துவந்த கிராமப் பள்ளிகள். பெரும்பாலும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையே வகுப்பறை என்பதால் இப்பெயர்.

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்த பாராமகால், சேலம் சீமையில் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக நிலவரி வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. குடியானவர் வாழ்வை இங்குதான் அவர் நெருங்கி அறிந்தார். சென்னை ஆளுநரான பின், 1822 ஜூனில், மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1823இல் அனுப்பிய கணக்கு: பள்ளிகள் 333, மாணவர் 4,326. இந்துச் சிறுவரில் பிராமணர் 459, வைசியர் 324, சூத்திரர் 1,671, பிற சாதியார் 1,382. முஸ்லிம் சிறுவர் 432. கல்வி பிராமணருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்ற கூற்றை இவ்வெண்கள் தகர்க்கின்றன. ஆனால் சிறுமியர் இரு சமயத்திலும் சேர்த்து 58 பேரே, இது பெருங்குறை. வீட்டில் கற்றோர் இக்கணக்கில் வராததால் உண்மையான எண்ணிக்கை இதனினும் கூடுதலே.

ஏடு தொடங்கிய பிள்ளை முதலில் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லியபடியே விரலால் எழுதும். கை படிந்த பிறகே பனையோலையும் எழுத்தாணியும். அரிச்சுவடிக்குப் பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. எண்சுவடியோ இவற்றினும் கடுமையானது: 320இல் ஒரு பங்கான முந்திரி, 80இல் ஒரு பங்கான காணி, 20இல் ஒரு பங்கான மா எனக் கீழ்வாய் இலக்கம் முழுவதும் மனப்பாடம். சந்தைக் கணக்குக்கும் நில அளவைக்கும் இதுவே அடிப்படை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வர். பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் உண்டு. அமாவாசை, பௌர்ணமிக்கு வாவு விடுமுறை. மணலில் எழுதும் இம்முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், 1789 முதல் தாம் பொறுப்பு வகித்த எழும்பூர் அனாதை விடுதியில் அதைக் கையாண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கு வளர்த்தார். அது 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து வரை பரவியது. நம் திண்ணைக்குரிய புகழ் அவர் பெயரில் சேர்ந்தது.

லண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் பணி தொடங்கிப் பள்ளிகளும் வைத்தது. 1854இன் கல்வி அறிக்கைக்குப் பின் வந்த அரசு மானியமும், 1884 சட்டத்தின் கீழ் அமைந்த தாலுகா போர்டுகளும் திண்ணைப் பள்ளிகளைத் தேய்த்தன. 1920இன் தொடக்கக் கல்விச் சட்டத்துக்குப் பின் அவை அருகின. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. இராசிபுரம், நாமக்கல் வட்டாரங்கள் இப்போது தனியார் உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றவை.