சத்துருமல்லன் தோரணம்

செஞ்சியில், என்னோடு ஒரே வகுப்பில் வாசித்த சிநேகிதர் ஒருவர் தம் புதல்வியின் விவாகத்தை நடத்தியபோது, பல ஊர்களில் உத்தியோகம் பார்த்துத் தலை நரைத்துப்போன நாங்கள் ஐந்து பேர், அநேக வருஷங்களுக்குப் பிறகு ஒரே பந்தியில் இலைபோட்டு உட்காரும் பாக்கியத்தைப் பெற்றோம். பாயசம் வருவதற்குள் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன.

செஞ்சியில் நட்பையும் கல்யாணத்தையும் சேர்த்துப் பேசினால் அவ்வூரை ஆண்ட தேசிங்குராஜன் கதை வராமல் போகாது. தன் கல்யாணத்திலிருந்த முகமத்கான், நண்பனுக்கு யுத்தம் நேர்ந்ததைக் கேட்டவுடன் எழுந்து வந்து அவனோடு மாண்டான் என்று கதைப்பாடல் கூறுகிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் சேனையை எதிர்த்துத் தேசிங்கு உயிர்விட்டது சரித்திரம். அது அழுகைக் கதை. இதே சீமையில் சிரிப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதனால், முகூர்த்தம் முடிந்த அன்று பிற்பகல் நண்பர்களைத் தளவானூருக்கு அழைத்துச் சென்றேன்.

அவ்வூர்க் குன்றின் தென்முகத்தைக் குடைந்து, 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் சமைத்த சிவாலயத்திற்குச் சத்துருமல்லேசுவரம் என்று பெயர். நடுவிலுள்ள இரண்டு தூண்களுக்கு மேலே, மாவிலையும் பூவும் கட்டிய கல்யாண வாசலைப் போல, மகரதோரணம் ஒன்று கல்லிலேயே வளைந்து நிற்கிறது, அதற்கு மேல் கூடுகளிலிருந்து மனித முகங்கள் வருவோரைப் பார்க்கின்றன, இருபுறமும் வாயிற்காவலர். சந்நிதியோ வாசலுக்கு நேரே இல்லை. உள்ளே சென்று மேற்குப் பக்கம் திரும்பினால்தான், கிழக்கு நோக்கிய கருவறை தென்படும்.

சத்துருமல்லன் என்பது அரசனுடைய விருதுப்பெயர்களில் ஒன்று. குணபரன், விசித்திரசித்தன் என்று அவன் சூடிக்கொண்டவை பல. அவற்றுள் மத்தவிலாசன் என்பதே எனக்கு மிகவும் பிரியமானது. ஏனெனில் அவன் சம்ஸ்கிருதத்தில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற ஓரங்க நகைச்சுவை நாடகம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. நெடுங்காலம் தமிழ்நாட்டார் கண்ணுக்குப் படாதிருந்த அந்நூலை, 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியார் பதிப்பித்து வெளியிட்டார். மலையாள நாட்டிலோ அது ஏட்டோடு நின்றுவிடவில்லை. மக்கட்பேற்றை வேண்டும் தம்பதிகளின் வழிபாடாக, கோயில்களில் மத்தவிலாசக் கூத்தாகவும் ஆடப்பட்டு வந்தது.

காஞ்சியின் வீதியில், மதுமயக்கத்திலிருக்கும் சத்தியசோமன் என்ற காபாலிகன் மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரமாகிய தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, எதிரே வந்த நாகசேனன் என்ற பௌத்தபிட்சுவே திருடினான் என்று பிடித்துக்கொள்கிறான். பாசுபத சைவன் ஒருவன் மத்தியஸ்தம் செய்ய வருகிறான், வழக்கு வளர்கிறது. நியாயஸ்தலம் போனாலும், விகாரத்துச் செல்வத்தால் பிட்சு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்று காபாலிகனின் துணைவி தேவசோமை கூறுகிறாள். தன் தலைநகரத்து நியாயஸ்தலத்தைப்பற்றி ஓர் அரசன் தானே இவ்வாறு எழுதத் துணிந்தான் என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. படைத்தலைமையைக் காட்டிலும் இதுவே பெரிய வீரம் என்பது என் அபிப்பிராயம். இறுதியில், கபாலத்தைக் கவ்விச்சென்றது ஒரு நாய் என்பதும், அதனிடமிருந்து ஒரு பித்தன் அதைப் பறித்துவைத்திருக்கிறான் என்பதும் வெளிப்படுகின்றன. கபாலம் கிடைக்கிறது, சண்டையிட்டவர்கள் சமாதானமாகப் பிரிகிறார்கள்.

இந்தக் கதையைத் தூணருகே உட்கார்ந்து நான் சொல்லி முடித்தபோது, பள்ளி நாளில் ஏதோ ஓர் அற்பக் காரணத்தால் பேச்சை நிறுத்திக்கொண்டிருந்த எங்களில் இருவர் அருகருகே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செஞ்சிப் பக்கம் கல்யாணத்திற்குச் செல்லும் அன்பர்களே, தாம்பூலம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புமுன், வெளிச்சம் இருக்கும்போதே தளவானூருக்குச் சென்று அந்தக் கல்தோரணத்தின் கீழ் சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.