கொசுவின் மேல் விழுந்த பழி

1999 மார்ச் தொடக்கத்தில், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொஞ்சம் தண்டுவட நீர் வந்து சேர்ந்தது. மூளைக்காய்ச்சலில் படுத்த சுங்கை நிபா கிராமத்துக்காரர் ஒருவரிடம் எடுத்தது.

அதற்குள் நோய் கிளம்பி ஆறு மாதம் ஆகிவிட்டது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, லாரியேறிய பன்றிகளோடு தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. அரசு அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றது. கொசு பரப்புவது, பன்றியின் உடலில் பெருகுவது. நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் அதன் எதிர்ப்பொருளும் இருந்தது. பிறகென்ன, புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்கள் பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். கொசு என்ன, ஆள் பார்த்தா கடிக்கும்?

பன்றிகளோ தங்கள் பங்குக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. மூச்சு இரைத்தது. குரைப்பது போன்ற இருமல், அதற்கு ‘ஒரு மைல் இருமல்’ என்றே பெயர் வந்தது. தாய்ப்பன்றிகள் சில மூக்கில் ரத்த நுரையோடு திடீரெனச் செத்தன. ஆனால் செத்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பண்ணையில் பன்றி இருமுவது புதிதா என்ன? கணக்கில் அடிபடாத நோயை யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

ஆய்வகத்தில் ஆய்வாளர் சுவா காவ் பிங் அந்தத் தண்டுவட நீரைக் குரங்குச் சிறுநீரகச் செல்கள் மேல் விட்டார். சில நாளில் செல்களின் எல்லைச்சுவர் அழிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏகப்பட்ட உட்கருக்கள் கொண்ட பெரிய திட்டுகளாயின. ஜப்பானியக் காய்ச்சல் வைரஸின் கைவேலை அல்ல இது. மாதிரியை எடுத்துக்கொண்டு அவரே அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது பாராமிக்ஸோ வைரஸ், அதாவது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வைரஸ்களின் குடும்பம். அடுத்து அட்லாண்டாவின் ஆய்வகம். 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கான எதிர்ப்பொருள் இதையும் பற்றிக்கொண்டது. ஆனால் இது ஹெண்ட்ரா அல்ல, அதன் பங்காளி. பன்றிகளின் திசுக்களிலும் இதுவே இருந்தது. கிராமத்தின் பெயரே வைரஸுக்கு நிலைத்தது.

ராணுவம் இறங்கியது. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் 265 நோயாளிகளில் 105 பேர் போய்விட்டார்கள். எஞ்சிய பண்ணைகளில் நோயைத் தேட, இருமலுக்குக் காத்திருக்கவில்லை. தாய்ப்பன்றிகளின் ரத்தத்தை, எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் எலைசா முறையில் சோதித்தார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை 889 பண்ணைகள் பார்த்ததில் 50 மாட்டின.

வைரஸின் சொந்த வீடு பிறகு தெரிந்தது: பழந்தின்னி வௌவால். தியோமான் தீவில் வௌவால் தொங்கும் மரங்களடியில் பிளாஸ்டிக் விரித்துச் சேகரித்த சிறுநீரிலும், அவை கடித்துப்போட்ட பழத்திலும் அது இருந்தது. ஈப்போ பக்கத்துப் பண்ணையில் கொட்டகையை ஒட்டி மாமரங்கள்; எச்சில் பழத்தைப் பன்றி தின்றிருக்க வேண்டும் என்பது கணிப்பு. 2018இல் கோழிக்கோட்டில் இதே நிபா வந்தபோது நடுவில் பன்றி இல்லை.