கூலியின் பெயரும் முதலாளியின் பெயரும்

ஒருவரது பெயர் அழிக்கப்படுவது தற்செயல் நிகழ்வன்று. அதன் பின்னால் ஓர் உற்பத்தி உறவு உண்டு. 1847 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் சீனர் எட்டாண்டு ஒப்பந்தத்தின்பேரிற் கியூபாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களிலே உழைத்தனர். அவர்களுக்கு ஸ்பானியப் பெயர்கள் சூட்டப்பட்டன. தோட்ட உரிமையாளரின் குடும்பப் பெயரைச் சுமந்தோரும் உளர். எனவே தம் மூதாதையைத் தேடும் வழித்தோன்றல்கள் சில வேளைகளில் முதலிற் காண்பது முதலாளியின் பெயரையே.

ஆயினும் தடயங்கள் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒப்பந்தங்கள் ஸ்பானியத்தோடு சீனத்திலும் எழுதப்பட்டன. சீனப் பகுதியிற் கூலியின் பெயரைக் காணலாம். ஹவானாவிலுள்ள சீன மயானமும் சீன எழுத்துக்களைப் பேணியுள்ளது. ஒலியை மட்டும் நம்புவோர் இடர்ப்படுவர்: கந்தோனியப் பேச்சிற் பெயருக்கு முன்வரும் ‘ஆ’ என்னும் விளிச்சொல், அந்நியரின் பதிவேடுகளிற் பெயரின் உறுப்பாகவே ஒட்டிக்கொண்டது.

1874 இல் சென் லான்பின் தலைமையிலான சீன ஆணைக்குழு 1,176 வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. அங்கு கூலிகள் தம் சீனப் பெயர்களோடு கசையடிக்கும் கடத்தலுக்கும் சாட்சி பகர்கின்றனர். பெயரும் முறைப்பாடும் அங்கே பிரிக்கமுடியாதன. ஆதலின் மூதாதையின் பெயரைத் தேடுவது குலப்பெருமை நாடுவதன்று. சுரண்டப்பட்ட உழைப்பின் வரலாற்றை மீட்பதே என நாம் கருதுகின்றோம்.