எலிப்பொறிச் சுவரும் எங்க ஊர் மேஸ்திரியும்

போன வாரம் வேப்பனப்பள்ளியில் ஒரு மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தேன். எங்க பக்கம் வீடு கட்டித் தர்றவங்க தர்மம் தெரியாதவங்க இல்லை. திருவிழாவுக்கு அன்னதானம், அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம்னு கொடுக்கிறாங்க. "அந்தப் பள்ளியில படிக்கிற பிள்ளைங்களோட அப்பா அம்மா நீங்க கட்டுற வீட்டை வாங்க முடியுமாண்ணே?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு டீ சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னை லாரி பேக்கரிடம் கொண்டுபோய் விட்டது.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சீனாவில் மருத்துவ உதவிக் குழுவில் வேலை செய்தார். ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீட்டுக்கான பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கணும் என்ற காந்தியின் எண்ணம் கடைசிவரை அவரோடு இருந்தது. 1945-ல் தொழுநோய் இல்லங்களைக் கட்டும் வேலைக்காக இந்தியா வந்தவர், மலையாளி மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலையில் பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1960-களில் கேரளா வந்தார்.

அவர் செய்தது மந்திரம் இல்லை. செங்கலைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம், வெயிலும் அவ்வளவாக உள்ளே இறங்காது. தளத்திலும் அதே புத்திதான். கான்கிரீட்டின் கீழ்ப்பகுதி பெரிசா பாரம் தாங்குவதில்லை; அங்கே பழைய மங்களூர் ஓட்டை வைத்து நிரப்பினார். பல இடத்தில் பூச்சே கிடையாது. ஜன்னலுக்குப் பதிலா செங்கல் ஜாலி.

இதை வெறும் சிக்கனம்னு பார்த்தா பாதிதான் புரியும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுக்கிற காசு ஊரை விட்டுப் போயிடும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கிறது சந்தையில, மளிகைக் கடையில, ஊருக்குள்ளேயே சுத்தும். பேக்கர் பொருளைக் குறைச்சார், கை வேலையைக் குறைக்கல. என் கணக்குல அன்னதானத்தை விடப் பெரிய உள்ளூர் தர்மம் இதுதான்.

1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் போன்றவர்களோடு சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்ட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். பேக்கர் 2007-ல் மறைந்தார். அமைப்பு இன்னும் வீடு கட்டுகிறது.

அப்போ ஏன் நம்ம பக்கம் இது பரவலை? மேஸ்திரியே சொன்னார்: "சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசறோம். செலவு குறைஞ்சா பார்ட்டி ரேட்டையும் குறைக்கச் சொல்லுவான். எனக்கு என்ன மிச்சம்?" நியாயமான கேள்வி. பேக்கர் ஒப்பந்தக்காரரை நடுவில் வைக்காமல், தானே தளத்தில் நின்று கொத்தனார்களை வைத்துக் கட்டினார். கட்டுகிறவருக்குச் செலவு ஏற ஏற வருமானம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை, நல்ல மனசு மட்டும் போதாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எலிப்பொறிச் சுவர் மனை விலையைக் குறைக்காது. ஓசூர் தொழிற்சாலைகள் வளர வளர, லேஅவுட் கற்கள் நம்ம மாந்தோப்பு வரைக்கும் வந்துடுச்சு. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தர்றாங்க. ஆனா இடம் சொந்தமா இருக்கணும். இடம் இருக்கிறவங்களுக்கு, அந்தப் பணத்துக்குள்ளே கடன் இல்லாம முடியுமா என்பதுதான் கவலை. கால்வாசி செங்கல் கணக்கு அங்கே உதவும்.

டீ முடிஞ்சதும் மேஸ்திரி செங்கல் நாலை எடுத்து நிறுத்தி வைத்துப் பார்த்தார். "கூலியைத் தனியாப் பேசினா, ஒரு ரூம் கட்டிப் பாக்கலாம்" என்றார். எங்க சித்தி வீட்டில் பின்கட்டு அறை கட்ட வேண்டியிருக்கிறது. சித்தியிடம் இன்னும் கேட்கலை.