அமைதியூட்டும் மருந்துகளும் மறதியும்

டயசிபாம், லோரசிபாம், மிடசோலம் முதலிய பென்சோடயசிபின் மருந்துகள் வேலை செய்யும் நேரத்தில் நடப்பவை மூளையில் பதியாமல் போவது 'முன்னோக்கு மறதி' எனப்படும். மருந்துக்கு முந்தைய நினைவுகளுக்குப் பெரும்பாலும் சேதமில்லை.

மூளையின் முதன்மையான அடக்கும் வேதிப்பொருள் காபா. இம்மருந்துகள் காபா-ஏ ஏற்பியில் ஒட்டி அதன் விளைவைக் கூட்டுகின்றன. குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் மிகுதியாக நுழைவதால் அது எளிதில் தூண்டப்படுவதில்லை. ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பிணைப்புகள் நீடித்து வலுப்பெற்றால்தான் ஓர் அனுபவம் நினைவாகும். அந்த வலுப்படுதலே இங்கு தடைபடுகிறது.

விந்தை என்னவென்றால், இந்த மறதிக்கு ஆள் தூங்க வேண்டியதில்லை. எண்டோஸ்கோபிக்கு முன் மிடசோலம் பெற்றவர் மருத்துவர் கேட்பதற்குப் பதில் சொல்வார், சொன்னபடி திரும்பிப் படுப்பார். பிறகு ஒன்றும் நினைவிராது. மருத்துவத்தில் இது வரவேற்கப்படும் விளைவு. வீடு திரும்பும்போது சொல்லும் அறிவுரைகளை எழுதித் தருவதும், உடன் வந்தவரிடம் சொல்வதும் இதனால்தான்.

இந்திய ரயில்களில் பிஸ்கட், தேநீரில் லோரசிபாம் போன்றவற்றைக் கலந்து கொடுத்துத் திருடும் கும்பல்கள் பயன்படுத்திக்கொள்வதும் இதே மறதியைத்தான். பறிகொடுத்தவரால் தேநீர் தந்தவரின் முகத்தைக்கூடச் சொல்ல முடியாமல் போகலாம். போலீஸ் எவ்வளவு துருவினாலும், பதியாத நினைவை மீட்க வழியில்லை. இக்குற்றம் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 328-ஆம் பிரிவில் வந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 123-ஆம் பிரிவு. இம்மருந்துகளுடன் மதுவும் சேர்ந்தால் மறதி கூடும், மூச்சும் அடங்கக்கூடும்.